பொக்லைன் போன பிறகு முளைப்பதை யார் பிடுங்குவது?

மலைக்காடுகளில் உண்ணிச்செடி (லாண்டனா) அகற்றுவதற்கும் காட்டுத்தீத் தடுப்புக்கும் திட்டம் போட்டு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

இந்த ஆண்டு உண்ணிச்செடி அகற்றும் வேலையை எக்டர் கணக்கில் வெளி ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பது, பொக்லைன் இறக்குவது, ஒரே பருவத்தில் முடித்து அளவெடுத்துப் பில் போடுவது, காலியான இடத்தில் மரக்கன்று நடுவது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அந்தக் காட்டுக்குள்ளும் ஓரத்திலும் இருக்கும் சோளகர், ஊராளி, இருளர் பழங்குடி ஊர்களின் கிராம சபைகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. ஊர்க்காரர்களுக்கென்று திட்டத்தில் இருப்பது நாள்கூலி மட்டும். எங்கே தொடங்குவது, எப்போது வெட்டுவது, எதை விட்டுவைப்பது, வெட்டியதை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

இதை நாங்கள் ஏற்கவில்லை. கேட்காமல் செய்தார்கள் என்ற மனத்தாங்கல் மட்டுமே காரணமல்ல. இந்த முறையில் வேலை நடக்காது என்பதுதான் முதல் காரணம். பணம் செலவாகும், மூன்றாம் மழைக்குள் உண்ணி திரும்பி வந்துவிடும், அதே இடத்துக்கு மறுபடியும் டெண்டர் விடுவீர்கள்.

உண்ணிச்செடி இந்த மண்ணுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து, பூந்தோட்ட அழகுக்காக. இன்று நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் அது பரவியிருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. சத்தியமங்கலம், பர்கூர், முதுமலை, எல்லை தாண்டினால் மாதேஸ்வரன் மலை, பிலிகிரிரங்கன் மலை எல்லாம் ஒரே கதைதான். இதெல்லாம் உங்கள் அறிக்கைகளிலேயே இருக்கிறது. அறிக்கைகளில் இல்லாதது வேர்.

உண்ணியைத் தரைமட்டத்தில் அறுத்தால் சாகாது. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் துளிர்க்கும் மொட்டுகள் உறங்குகின்றன. அரிவாளால் மேலே வெட்டினால், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு கிளம்பும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துபார்த்து வெளியிட்ட முறை இந்தக் கழுத்தைக் குறிவைத்ததுதான். மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், கழுத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு செடியை வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். மருந்து தேவையில்லை, இயந்திரமும் தேவையில்லை. நீண்ட காம்பும் ஒடுங்கிய அலகும் உள்ள கொத்து ஒன்று, கவைக்கோல் ஒன்று, இரண்டு ஆள். ஒருவர் கவைக்கோலால் கிளைகளைத் தூக்கித் தூரைக் காட்ட, மற்றவர் பக்கவாட்டிலிருந்து வேரில் போடுவார். பழகிய கைக்கு ஒரு தூருக்கு மூன்று நான்கு போடு போதும்.

இதில் புதியவர்கள் தவறவிடும் இடங்கள் சில உண்டு. பழைய புதரில் தரையில் படிந்த கிளைகள் கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். தாய்த்தூரை மட்டும் எடுத்துவிட்டு நகர்ந்தால் அவை ஒவ்வொன்றும் தனிச் செடியாக நிற்கும். புரட்டிப்போட்ட செடியின் வேரில் மண் ஒட்டியிருந்து, அது ஈரத்தரையில் படிந்தால், மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அதனால் மண்ணை உதறிவிட்டு, பக்கத்துப் புதரின் மேலேயோ பாறை மேலேயோ போட வேண்டும். இன்னொன்று, உண்ணிப் புதருக்குள் பறவை எச்சத்தில் விழுந்து முளைத்த சந்தனக் கன்று, உசிலங்கன்று, நெல்லிக் கன்று இருக்கும். கிளையைத் தூக்கிப் பார்த்து வேலை செய்கிறவர் கண்ணுக்கு அது படும். அதைச் சுற்றி உண்ணியை எடுத்துவிட்டுக் கன்றை விட்டுவிடுவார். எந்த நாற்றங்காலிலிருந்தும் கொண்டுவர முடியாத கன்று அது. இருந்த இடத்திலேயே வேர் பிடித்து, வறட்சி தாங்கி, யானைக்கும் மானுக்கும் தப்பி நிற்பது.

பொக்லைன் வாளி இது எதையும் பார்க்காது. புதரை மண்ணோடு வாரும்போது வேர் அறுந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். மேல்மண் புரண்டு, அடியில் கிடந்த உண்ணி விதைகள் வெளிச்சத்துக்கு வரும். புல்லின் தூர், காட்டு வள்ளிக்கிழங்கு, மேலே சொன்ன கன்றுகள் எல்லாம் சேர்ந்தே போகும். சரிவில் சங்கிலிச் சக்கரம் ஏறி இறங்கிய தடத்தில் முதல் கோடை மழைக்கே ஓடை அறுக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த இடம் நாற்றங்கால் மாதிரி இருக்கும், ஆனால் உண்ணிக்கு. படம் எடுத்துக் கோப்பில் வைக்க வசதியான நாள் பொக்லைன் போன மறுநாள்தான் என்பது எங்களுக்கும் தெரியும்.

பருவம் அடுத்த சிக்கல். நிதியாண்டு பங்குனியில் முடிகிறது என்பதற்காக மாசியிலும் பங்குனியிலும் அவசரமாக வேலை நடக்கிறது. அப்போது மண் கல்லாக இருக்கும். கொத்து இறங்காது, வேர் மேலேயே முறியும். வெட்டிப் போட்டதெல்லாம் காய்ந்து, தீக்காலத்தின் உச்சத்தில் விறகாகக் கிடக்கும். சித்திரை, வைகாசியில் கோடை மழை இரண்டு மூன்று பெய்து மண் இளகிய பிறகு, காய் கறுக்கும் முன் வெட்டுவதுதான் சரி. நமது மலைகளில் இரண்டு மழைக்காலம் என்பதால் உண்ணி ஏறக்குறைய ஆண்டு முழுக்கப் பூக்கும். எனவே நாள்காட்டியை மட்டும் பார்த்துத் தேதி குறிக்க முடியாது, அந்தந்தச் சரிவில் காய் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கறுத்த காயோடு வெட்டி இழுத்துப் போனால் இழுத்த வழியெல்லாம் விதைப்பு.

எங்கே தொடங்குவது என்பதிலும் திட்டம் தலைகீழாக இருக்கிறது. சாலையோரத்தில் அடர்ந்த புதரிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், பார்வையிட வசதி என்பதால். தொடங்க வேண்டியது உண்ணி இப்போதுதான் நுழைகிற, புல் இன்னும் மிச்சமிருக்கிற இடங்களில். அங்கே குறைந்த கூலியில் அதிகப் பரப்பைக் காப்பாற்றலாம், புல் தானே மூடிக்கொள்ளும். ஓடைகளில் மேலிருந்து கீழே வர வேண்டும். கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே விட்டால் வெள்ளம் விதையைக் கொண்டுவந்து கொட்டும். அடர்ந்த புதரைக் கடைசிக்கு வைத்து, துண்டு துண்டாக எடுக்கலாம். எந்தச் சரிவில் புல் இருக்கிறது, எந்த ஓடையின் தலைப்பில் உண்ணி எப்போது ஏறியது என்று ஊரில் மாடு மேய்த்தவர்களும் சீமாறு அறுத்தவர்களும் தேன் எடுத்தவர்களும் சொல்வார்கள். அதற்கு டிரோன் வேண்டியதில்லை. வேண்டுமானால் அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க டிரோன் விடுங்கள்.

வெட்டிய குவியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நடக்கும் தவறு உயிருக்கே ஆபத்து. தீத்தடுப்புக் கோடு எடுக்கும்போது கோட்டிலிருந்த உண்ணியை வெட்டி இரண்டு பக்கமும் வரிசையாகக் குவித்துவிட்டுப் போகிறார்கள். காய்ந்த உண்ணி எண்ணெய்ப்பசை உள்ள விறகு. அப்படி இரண்டு பக்கமும் திரிபோட்ட கோடு தீயைத் தடுக்காது. அதற்குள் நின்று தீயணைக்கிறவர்களுக்கு வெளியேற வழியும் இருக்காது. குவியல் சிறியதாக, ஆள் உயரத்துக்குள், மரத்தடியிலிருந்து தள்ளி, கோட்டிலிருந்து இன்னும் தள்ளி இருக்க வேண்டும். பருத்த தண்டுகளைத் தனியே பிரித்தால் அவற்றுக்கு விலை உண்டு. கொதிக்கவைத்துத் தோலுரித்தால் பிரம்பு மாதிரி வளையும். நாற்காலி, கூடை, அலமாரி எல்லாம் செய்கிறார்கள். கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணித் தண்டில் செய்த ஆளுயர யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அதே தண்டை ஒரு கட்டு தலையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடி தாண்ட ஊர்க்காரர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலின் பட்டியலில் மூங்கில், பிரம்போடு புதர்விறகையும் அடிக்கட்டையையும் சேர்த்தே சொல்கிறது என்பதைச் சாவடிகளுக்கு யாராவது எழுதி அனுப்பினால் நல்லது.

இனி தலைப்பிலுள்ள கேள்வி. உண்ணி அகற்றுவது முதல் ஆண்டோடு முடிகிற வேலை அல்ல. முதல் ஆண்டு நடப்பது திறப்புவிழா. மழை விழுந்த ஆறேழு வாரத்தில் விதையிலிருந்து நாற்றுகள் வரும். குறிப்பாகக் கொண்டைக்குருவிகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் கம்பளம் விரித்த மாதிரி வரும். அப்போது ஈரமண்ணில் இரண்டு விரலால் பிடுங்கலாம். ஒரு அடி வளரவிட்டால் கொத்து வேண்டும். ஓராண்டு விட்டால் பழைய கதை. ஆகவே முதல் ஆண்டில் கோடை மழைக்குப் பின் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழையோடு ஒருமுறை. இரண்டாம் ஆண்டும் அப்படியே. மூன்றாம் ஆண்டில் குருவி உட்காரும் மரங்களின் அடியை மட்டுமாவது பார்க்க வேண்டும். புல் மூடாத இடத்தில் ஐந்தாண்டுகூட ஆகும். இந்தப் பிடுங்கும் வேலைக்கு உங்கள் மதிப்பீட்டில் தலைப்பே இல்லை. ஒப்பந்தக்காரர் பில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அங்கேயே இருப்பது ஊர். மூன்றாண்டு வேலையை மூன்றாண்டும் அங்கிருக்கப் போகிறவர்களிடம் கொடுப்பது சாதாரண நிர்வாகப் புத்தி.

மஞ்சள்கொன்றைக்கும் இதே பாடம் பொருந்தும். அழகுக்கும் நிழலுக்கும் வைத்த மரம் இப்போது முதுமலையிலும் வயநாட்டிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை மூடுகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். நின்ற நிலையில், தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரம்வரை பட்டையைச் சுற்றிலும் முழுதாக உரிக்க வேண்டும். ஒரு விரல் அகலம் பச்சைப்பட்டை மிஞ்சினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். உரித்த பிறகு அடியில் வரும் துளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சிறு கன்றை வேரோடு பிடுங்கலாம். காகித ஆலைக்கு லாரி லாரியாக மரம் போவதை நாங்கள் எதிர்க்கவில்லை. லாரி போன பிறகு அடிக்கட்டைக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

உண்ணி போன இடத்தில் என்ன வர வேண்டும் என்பதில்தான் உங்களுக்கும் எங்களுக்கும் பெரிய வேறுபாடு. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்கும் இலக்கோடு 2022இல் தொடங்கியது. ஒன்றிய அரசின் பசுமை வரவுத் திட்டம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட விதி, எக்டருக்குக் குறைந்தது 1,100 மரம் என்றது. கணக்குப் போட்டால் மூன்று மீட்டருக்கு ஒன்று. மேலிருந்து வரும் இலக்கு இப்படி மரக் கணக்கில் இருப்பதால் கீழே எல்லாரும் குழி தோண்டுகிறார்கள். சத்தியமங்கலம், பர்கூர் பக்கத்து வறண்ட இலையுதிர்காடு இயல்பிலேயே அப்படி அடர்ந்து நிற்கும் காடு அல்ல. வெக்காலி, வேங்கை, நெல்லி, கடுக்காய் அங்கங்கே தள்ளி நிற்க, இடையில் புல் நிற்கும் காடு அது. புல் இருந்தால்தான் மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் தீனி. நிழலில் புல் போய்விட்டால் அவை வயலுக்கு வரும், பிறகு அகழி வெட்ட இன்னொரு மதிப்பீடு வரும். கரிமத்தைப் பொறுத்தும், புல்வெளி தன் சேமிப்பில் பெரும்பங்கை மண்ணுக்குள் வேரில் வைத்திருக்கிறது. மேலே தீ போனாலும் அது போகாது.

உயரத்திலுள்ள நீலகிரிப் புல்வெளிகளில் இந்தத் தவறை ஒரு நூற்றாண்டுக்கு மேல் செய்து பார்த்தாயிற்று. கிளன்மார்கன் நீர்ப்பிடிப்பில் உதகையின் மண்வள ஆராய்ச்சி மையம் நீண்டகாலம் அளந்தது: புல்வெளியில் யூக்கலிப்டஸ் வைத்த பிறகு முதல் சுழற்சியிலேயே ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது, துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுழற்சியில் இன்னும் அதிகமாக. சீகை (வாட்டில்) மரத்தின் விதையோ பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்து, தீ பட்டதும் முளைக்கிறது. ஆனால் இந்தியாவின் வன அளவீட்டில் 10 சதவீத விதானம் இருந்தால் எந்த மரமானாலும் காடுதான். சீகைத் தோப்பும் கணக்கில் ஏறும், தோடரின் எருமை மேய்ந்த புல்வெளி ஏறாது.

புல்லைத் திரும்பக் கொண்டுவருவது கடினமில்லை, ஆனால் அதற்கு வேலை தெரிய வேண்டும். விதையை அந்தந்தப் பகுதியிலேயே, முற்றி உதிரும் நேரத்தில், கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் உருவி எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே வாரத்தில் முற்றாது. ஊசிப்புல், கொழுக்கட்டைப்புல், அந்தச் சரிவுக்குரிய மற்றவை எல்லாம் கலந்து, காற்றோட்டமான கோணிப்பையில் நிழலில் வைத்து, கோடை மழைக்கு முன் கீறிவிட்ட மண்ணில் தூவ வேண்டும். ஊசிப்புல் விதையை ஆழப் புதைக்கக் கூடாது. அதன் வால் ஈரத்தில் முறுக்கவிழ்ந்து தானே மண்ணில் இறங்கும். அரிப்புள்ள சரிவில் விதை நிற்காது, அங்கே தூரைப் பிரித்து அரை மீட்டருக்கு ஒன்றாக நட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஓராண்டு கிடங்கில் வைத்த விதை வேலைக்காகாது. இந்த வேலையில் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் கை இருக்கிறது. குழுக்களில் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் அவர்களைக் காணோம்.

தீயைப் பற்றிப் பேசாமல் உண்ணியைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர் வறட்சியின் தொடக்கத்தில் சருகுக்கு நெருப்பு வைக்கும் வழக்கத்தைத் தரகு பெங்கி என்பார்கள். 1974இல் அந்த மலை சரணாலயமானதும் அது நின்றது. அதற்குப் பிறகுதான் உண்ணி ஏறியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகி மரங்கள் செத்தன என்று சோளகர் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து நெல்லியையும் புல்லுருவியையும் உண்ணியையும் பல ஆண்டுகள் கணக்கெடுத்து, இந்த விளக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டு எழுதினார்கள். சொல்லப்படும் காரணம் எளிமையானது. சிறு தீ உண்ணி நாற்றைச் சிறுசாக இருக்கும்போதே தீய்க்கும், வெப்பமும் புகையும் புல்லுருவியை வாட்டும், புல்லுக்கு இடம் கிடைக்கும். சருகு ஆண்டுக்கணக்கில் சேராததால் பங்குனித் தீ பெரிதாகாது.

அந்தத் தீ கண்மூடித்தனமாக வைப்பதல்ல. தை மாதத்தில், மேல்சருகு காய்ந்து, அடியில் ஈரம் இருக்கும்போது. காற்று விழுந்த மாலை நேரத்தில், காற்றுக்கு எதிராக, மேட்டிலிருந்து கீழே இறங்கும்படி. சுடர் முழங்காலுக்குக் கீழேதான் நிற்க வேண்டும். இடுப்பளவு வந்தால் நிறுத்த வேண்டும். ஒரே மூச்சில் மலையை எரிப்பதில்லை, இந்த ஆண்டு இந்தத் துண்டு, அடுத்த ஆண்டு வேறு துண்டு. ஓடைக்கரைக்கும் சோலைக்கும் நெருப்பு போகக் கூடாது. கூடு கட்டும், குட்டி போடும் இடங்களை ஒதுக்க வேண்டும்.

உடனே அந்த நெருப்பை எல்லா இடத்திலும் வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இதை அழுத்தமாகச் சொல்கிறோம், ஏனென்றால் எங்கள் பக்கத்திலும் சிலர் அவசரப்படுகிறார்கள். ஆள் உயரம் உண்ணி நிற்கும் இடத்தில் தையில் வைத்தாலும் தீ மரத்தில் ஏறும். உண்ணி ஏணி மாதிரி கிளைக்குக் கிளை கொண்டுபோய்க் கொடுக்கும், எரிந்த பிறகு தூரிலிருந்து துளிர்க்கவும் செய்யும். வரிசை இதுதான்: முதலில் உண்ணி போக வேண்டும், புல் பிடிக்க வேண்டும், பிறகே சிறு தீ. அதுவும் முதலில் சில துண்டுகளில், எரித்ததையும் எரிக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து.

ஆஸ்திரேலியாவில் மேற்கு ஆர்னெம் நிலத்தில் 2006 முதல் இதை அரசே ஏற்றுச் செய்கிறது. சுமார் 28,000 சதுர கி.மீ. சவன்னாவில் பூர்வகுடிக் காவலர்கள் வறட்சியின் தொடக்கத்தில் சிறு தீ வைத்து, பிந்திய பெருந்தீயைக் குறைக்கிறார்கள். அதனால் ஆண்டுக்கு 1,00,000 டன்னுக்கு மேல் கரிம உமிழ்வு குறைந்ததாகக் கணக்கிட்டு, ஓர் எரிவாயு நிறுவனம் அதற்குப் பணம் கொடுத்தது. அங்கே செலுத்திய பணத்தை இங்கே எதிர்பார்க்கவில்லை. இங்கே அதே அறிவு உள்ளவர் தீப்பெட்டியோடு காட்டில் நின்றால் 1882ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி குற்றவாளி. பிப்ரவரி வந்ததும் அவரையே தீக்காவலராகத் தற்காலிகக் கூலிக்கு எடுத்துக்கொள்கிறீர்கள்.

பர்கூர் மாட்டுப் பட்டிகளும் இதில் சேரும். 2022இல் உயர் நீதிமன்றம் விதித்த மேய்ச்சல் தடை பிறகு புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு என்று சுருங்கியது. பர்கூர் காடு 2024இல் தந்தை பெரியார் சரணாலயமானதும் கேள்வி மறுபடி வந்துவிட்டது. மாடு உண்ணியைத் தின்னாது என்பது உண்மை. ஆனால் புல்லைக் கட்டையாக வைத்துத் தீக்குத் தீனி குறைப்பது மாடுதான். மேய்ச்சல் உரிமையும் வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(d)இல் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, நினைவுபடுத்தினால் போதும். பிரிவு 3(1)(i) ஊர் வழிவழியாகக் காத்துவந்த சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்க, மீட்டெடுக்க, நிர்வகிக்க ஊருக்கு உரிமை தருகிறது. பிரிவு 5 காட்டையும் வனவிலங்கையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. விதி 4(1)(e) அதற்கான குழுவையும், 4(1)(f) அந்தக் குழு போடும் பாதுகாப்பு, மேலாண்மைத் திட்டத்தையும் சொல்கிறது. அந்தத் திட்டம் வனத்துறையின் பணித்திட்டத்தோடு இணைக்கப்பட வேண்டும். புலிகள் காப்பகம் என்பதால் இது பொருந்தாது என்ற வாதம் நிற்காது: பிலிகிரிரங்கன் மலை 2011 ஜனவரியில் புலிகள் காப்பகமானது, அதே ஆண்டு அக்டோபரில் அங்குள்ள சோளகர் ஊர்களுக்குச் சமூகக் காட்டு உரிமை ஏற்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் மேண்டா லேகா என்ற ஊர் 2009இலேயே சுமார் 1,800 எக்டருக்குப் பெற்று, மூங்கிலை வெட்டி விற்கிறது. அங்கே காடு அழிந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் இச்சட்டப்படி பட்டா கொடுப்பது 2008இலிருந்து நீதிமன்ற உத்தரவால் தடைபட்டிருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றத்தில் அது நீங்கிவிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் சமூகக் காட்டு வள உரிமை கேட்கும் படிவம் ‘சி’ மனுக்கள் வரைபடம் சரியில்லை, கையெழுத்து இல்லை என்று வாய்மொழியாகத் திரும்பி வருகின்றன. ஏற்காவிட்டால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்பது விதி 12ஏ.

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலாவதாக, இந்தப் பருவத்துக்கான பொக்லைன் பணி ஆணைகளை நிறுத்திவையுங்கள். எந்தெந்தச் சரிவு, எத்தனை எக்டர், என்ன முறை, என்ன மதிப்பீடு என்பதைத் தமிழில் எழுதி அந்தந்தக் கிராம சபையின் முன் வையுங்கள். கிராம சபை என்றால் விதிப்படி பாதிப்பேர் வந்த, அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கும் கூட்டம். பஞ்சாயத்து அலுவலகத்தில் பதிவேட்டில் வாங்கிய கையெழுத்தை நாங்கள் கணக்கில் எடுக்கமாட்டோம்.

அகற்றும் வேலையைக் கிராம சபையின் விதி 4(1)(e) குழுவிடம் மூன்றாண்டு உடன்படிக்கையாகக் கொடுங்கள். மொத்தத் தொகையில் பாதியாவது இரண்டாம், மூன்றாம் ஆண்டின் நாற்றுப் பிடுங்கலுக்கும் புல் விதைக்கும் ஒதுக்கப்பட வேண்டும். சுத்தம் செய்த எக்டரை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் நிலையான கட்டங்களை அடித்து, அதில் உண்ணி நாற்று எத்தனை, புல் மூடிய பரப்பு எவ்வளவு என்று ஆண்டுக்கு இரண்டு முறை ஊரும் வனவரும் சேர்ந்து எண்ணி, அதை வைத்துக் கொடுங்கள். எண்ணிக்கையை ஊர்ப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

புல்லும் மரமும் கலந்த வறண்ட காட்டில், எக்டருக்கு இத்தனை மரம் என்ற இலக்கோடு வரும் எந்த நடவும் கிராம சபையின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது. நட வேண்டியது எங்கே, எந்த மரம் என்று குழு சொல்லட்டும். குழி எடுக்கும் செலவில் ஒரு பகுதியைப் புல் விதைச் சேகரிப்புக் கூலிக்கு மாற்றுங்கள்.

வரும் தை மாதத்துக்குள், உண்ணி நீக்கிப் புல் பிடித்த சில துண்டுகளில், சோளகர் பெரியவர்களும் வனத்துறைக் களப்பணியாளர்களும் ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து சிறு தீச் சோதனை நடத்த எழுத்துப்பூர்வ அனுமதி தாருங்கள். அதில் பங்கேற்பவர் மீது வழக்கு வராது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். தீக்கோட்டின் இரு பக்கமும் உண்ணியைக் குவிக்கும் வழக்கத்தை இந்தத் தீக்காலத்துக்கு முன்பே ஒரு சுற்றறிக்கையால் நிறுத்துங்கள். தீக்காவலர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான சம்பளமும் காப்பீடும் வேண்டும்.

உண்ணித் தண்டை எடுக்கவும் கொண்டுபோகவும் கிராம சபை தரும் சீட்டே போதும் என்று சோதனைச்சாவடிகளுக்கு உத்தரவு அனுப்புங்கள்.

கடைசியாக, நிலுவையிலுள்ள சமூகக் காட்டு வள மனுக்கள் ஒவ்வொன்றின் நிலையையும், திருப்பியவற்றுக்கான காரணத்தையும், 60 நாளுக்குள் அந்தந்த வன உரிமைக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். இந்தக் கடிதத்துக்கான பதிலையும் கூட்ட அழைப்பாக அல்லாமல் எழுத்திலேயே, கோரிக்கை வாரியாக, ஏற்கிறோம் அல்லது ஏற்கவில்லை, ஏன் என்று அனுப்புங்கள். கோடை மழைக்கு முன் வந்தால் இந்த ஆண்டே வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
மலையோர ஊர்களின் வன உரிமைக் குழுக்களோடு களத்தில் வேலை செய்யும் நாங்கள்